சாய்ந்த துளைக்கு ஒரு பிட்

அறையில் கட்டில் ஆறு.
மேலே மூன்று, கீழே மூன்று.
நாற்காலி கிடையாது.
சாப்பிடுவது, சீட்டாடுவது, வீட்டுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது
எல்லாம் படுக்கிற இடத்தில்தான்.
பிச்சைக்கனியின் தலையணைக்கடியில் எப்போதும்
ரெண்டு சோற்றுப்பருக்கை.

ஹம்ரியா யார்டுக்கு ஒரு பம்ப் வந்தது,
பீச் மரச் சட்டங்களில் கட்டி.
சட்டத்தை மட்டும் கேட்டு வாங்கினேன்.
கேட் பாஸில் சூப்பர்வைசர் எழுதினார்:
“விறகு, ஒரு கட்டு.”

நான் இரும்பைத் துளைக்கிறவன்.
ஒன்பது வருடம், ஃபிளாஞ்சும் தகடும்.
பஞ்ச் வைத்த புள்ளியை விட்டு
இரும்பு எங்கும் போகாது.
அதே பிட்டை மரத்தில், நாலு டிகிரி சாய்த்து வைத்தேன்.
ஈரத் தரையில் செருப்பு மாதிரி வழுக்கி
ரேகையைப் பிடித்துக்கொண்டு ஓடியது.

வெள்ளிக்கிழமை. ஷார்ஜா. குல் மர்ஜான் கடை.
கண்ணாடிப் பலகையில் துணி விரித்து
மோதிரம் காட்டுகிறவனைப் போல ஒவ்வொன்றாய் வைத்தான்.

ஆகர் பிட்: நுனியில் திருகு, தானே இழுத்துக்கொண்டு போகும்,
எங்கே நிறுத்துவது என்று தெரியாத சொந்தக்காரர்.
ஃபோர்ஸ்ட்னர்: துளையின் அடி தட்டாக, வாய் சுத்தமாக வரும்.
அவசரப்பட்டால் புகையும்.
விலையைக் கேட்டால் நமக்கே புகையும்.
கரண்டி மாதிரி ஒன்று, துரு ஏறியது;
அதற்கு என்ன சொல்வதென்று அவனுக்கே தெரியவில்லை.
தட்டைப் பிட்: ஆறு திர்ஹம்.
நடுமுள் நீளம். முள் முதலில் இறங்கிவிட்டால்
சாய்வுக்குப் பயமில்லை.

“கால் எத்தனை தடி?” என்றான்.
நாற்பது எம்.எம்.
“துளை?”
முப்பது.
முள்ளின் மேல் விரலை வைத்து அளந்து
என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
ஆறு திர்ஹமை எண்ணிக் கொடுத்தேன்.

டீ நேரத்தில் யார்டு கிரைண்டரில் முள்ளைக் குறுக்கினேன்.
இது எனக்குத் தெரிந்த வேலை:
தொட்டு எடு, தண்ணீரில் முக்கு, நீலம் ஏறவிடாதே.
இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னப் பல் விட்டேன்,
வாயைக் கிழிக்காமல் கீறி இறங்கட்டும் என்று.
பிட்டில் பதினாறு என்று அடித்திருந்தான்.
வெர்னியர் பதினாறே கால் என்றது.
நான் வெர்னியரை நம்பினேன்.

கழுந்துகளைச் சீவி
சிங்கராயரின் பிக்கப் டேஷ்போர்டில் அடுக்கினோம்.
ஆகஸ்ட் வெயில், கண்ணாடி ஏற்றிய வண்டி, மூன்று நாள்.
கையில் எடுத்தால் முறுக்கு மாதிரி சத்தம் கேட்கும்.
பிறகுதான் அளவு பார்த்து உப்புத்தாள்.

துளை போடும்போது சிங்கராயர் குத்தவைத்து
ஒரு கண்ணை மூடி, பிஸ்கட் அட்டையில் வெட்டிய கோணத்தைப் பிடித்தார்.
“உன் பக்கம்… உன் பக்கம்… அங்கேயே இரு.”
ஆறு துளை அப்படியே போயிற்று.

ஏழாவதில் ஏசி ஆள் கதவைத் தட்டினான்.
திரும்பிப் பார்த்தேன்.
கை திரும்பவில்லை, அது இறங்கிக்கொண்டே இருந்தது.
பின்காலின் மறுபுறம்
மூக்கு குத்தினாற்போல் ஒரு பொட்டுத் துளை.

நல்ல வார்த்தை நாலு சொன்னேன்.
பிட்டை அல்ல.

பசை தடவி அடித்து இறுக்கி
ராத்திரி வராந்தாவில் போட்டோம்.
கடல் பக்கத்துப் புழுக்கம், துணி பிழிகிற மாதிரி.
காய்ந்த கழுந்து அதைக் குடித்து உப்பியது.
காலையில் காலைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன்.
என் மணிக்கட்டுதான் சொடக்கு விட்டது.

வியாழன் சாயங்காலம் ஐயம்பெருமாள் அந்தப் பொட்டுத் துளையில்
ஊதுபத்தி சொருகினான். அளவெடுத்த மாதிரி நின்றது.
வேண்டாமடா, பற்றிக்கொள்ளும் என்றேன்.
பற்ற வைத்துவிட்டுத்தான் கேட்டான், என்ன என்று.

பிச்சைக்கனி தட்டோடு வந்து உட்கார்ந்தார்.
காலைத் தரையில் ஊன்றி, முதுகு நிமிர்த்தி,
அலுவலகத்துக்கு வந்தவரைப் போல கொஞ்சம் கூச்சமாக.
மற்ற ஐந்து பேரும் கட்டிலில் இருந்து பார்த்தோம்.
மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டார்:
“அடுத்த பம்ப் எப்ப வருது?”